மதகைத் திறக்கும் மருந்து

சர்க்கரை வியாதி என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? சர்க்கரை ஏறிப்போவதுதானே! காப்பியில் சீனியை நிறுத்தியது, கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பக்கத்து இலைப் பையனிடம் தள்ளியது, இரத்தப் பரிசோதனைக்குப் போய் எண்ணைக் கேட்டு முகம் சுளித்தது - எல்லாமே ஏற்றத்தைப் பற்றிய கதைகள். இறக்கத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பேச வேண்டிய விஷயம் அது. ஏறிய சர்க்கரை கறையானைப் போல வருஷக் கணக்கில் அரிக்கிறது. இறங்கிய சர்க்கரையோ சில நிமிஷங்களில் ஆளைத் தரையில் சாய்த்துவிடும். அதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள்: சாய்கிறவருக்கே அது தெரிவதில்லை. மூளைக்கு முக்கியமான ஆகாரம் சர்க்கரை. அந்த ஆகாரம் குறைந்தால் முதலில் மங்குவது புத்திதான். "எனக்கு என்னவோ செய்கிறது, கொஞ்சம் சர்க்கரை கொடு" என்று கேட்க வேண்டிய புத்தியே மங்கிவிட்டால் அப்புறம் யார் கேட்பது? பக்கத்தில் இருக்கிற நீங்கள்தான் அறிந்து கொடுக்க வேண்டும். ஆகையால் இங்கே சொல்லப்போவது சர்க்கரை வியாதிக்காரருக்கு மட்டும் அல்ல. அவரோடு ஒரே கூரையின் கீழ் வசிக்கிற உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறது.

சோடாவும் சாவியும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு கிராமம். அதில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவளுக்கு 65 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாயிற்று. இட்லி வேகிற நேரத்தில் ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். வந்தவர்களைக் கவனித்துவிட்டு அப்புறம் சாப்பிடலாம் என்று பெரியவள் இருந்துவிட்டாள்.

"அத்தே, என்னா இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" என்கிறாள் மருமகள்.

"எனக்கு ஒண்ணுமில்லே! நீ போய் உன் வேலையைப் பாரு!" என்று சீறுகிறாள் பெரியவள்.

ஒரு நாளும் அப்படிப் பேசாதவள். மருமகளுக்கு முகம் சுண்டிப்போகிறது. சம்பந்தி எதிரிலா இப்படி என்று மனம் நொந்து அடுப்படிக்குள் போய்விடுகிறாள். பாவம், சீறியது மாமியார் அல்ல, இறங்கிப்போன சர்க்கரை என்பது அவளுக்குத் தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் பெரியவளுக்கு வாய் குழறுகிறது. திண்ணைத் தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிடுகிறாள். கைகால் வெட்டி இழுக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. "சோடா வாங்கி வாடா!" என்று ஒரு குரல். "வலிப்பு! கையிலே இரும்புச் சாவியைக் கொடுங்க!" என்று இன்னொரு குரல். "வெள்ளிக்கிழமை ஆச்சே, ஆத்தா வந்திருக்கா, கற்பூரம் கொளுத்து!" என்று மூன்றாவது குரல்.

அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கிறார். "சர்க்கரை இறங்கிப்போச்சு!" என்று சரியாகக் கண்டுபிடித்து, ஒரு தம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடி வருகிறார். மூர்ச்சையாகிக் கிடப்பவளின் வாயைத் திறந்து ஊற்றப் போகிறார்.

அவர் கையை உடனே பிடித்து நிறுத்துங்கள்! வியாதி சரிதான், மருந்தும் சரிதான், வேளைதான் தப்பிவிட்டது. விழுங்கத் திராணியில்லாத தொண்டையில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக் குழலுக்குள் போகும். சர்க்கரை பிழைக்க வைப்பதற்குள் தண்ணீர் மூச்சை அடைத்துவிடலாம்.

வாய் வழியும் அடைபட்டது, ஊரில் டாக்டரும் இல்லை என்றால் என்ன செய்வது? அந்த இக்கட்டுக்கென்றே ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் குளுக்ககான். ஊசி போட்டுப் பழக்கமில்லாதவர்கூடக் கற்றுக்கொண்டு போடக்கூடியது. சர்க்கரையை ஏற்றத்தான் அந்த ஊசி. ஆனால் அதில் சர்க்கரை ஒரு துளியும் இல்லை! அதெப்படி?

ஏரியும் மதகும்

செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மதுராந்தகத்து ஏரியையும் கொளவாய் ஏரியையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் ஏரியை நிரப்பி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மதகைத் திறந்து கழனிக்குப் பாய்ச்சுவது நம் பாட்டன் காலத்து வித்தை. உடம்பும் அதே வித்தையைத்தான் செய்கிறது.

நாம் சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக வருகிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. செலவானது போக மிச்சச் சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் வாங்கிக் கிளைகோஜன் என்ற உருவத்தில் தேக்கி வைக்கிறது. கல்லீரல்தான் ஏரி. இராத்திரி தூங்குகிறோம், ஆகாரம் இல்லை, இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. அப்பொழுது அதே கணையம் இன்னொரு சாறைச் சுரந்து கல்லீரலுக்கு அனுப்புகிறது: "திற மதகை!" அந்தச் சாறுதான் குளுக்ககான். கிளைகோஜன் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் பாய்கிறது. இன்சுலினைச் சுரப்பவை பீட்டா செல்கள். குளுக்ககானைச் சுரப்பவை ஆல்பா செல்கள். இரண்டும் கணையத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒருவர் சேர்த்து வைக்க, ஒருவர் செலவுக்கு எடுத்துக் கொடுக்க, குடித்தனம் ஒழுங்காக நடக்கிறது.

ஊசியில் போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்கு இந்தக் குடித்தன ஒழுங்கு தெரியாது. சம்பந்தி வந்தது தெரியாது. இட்லி தாமதமானது தெரியாது. போட்ட அளவுக்கு அது வேலை செய்துகொண்டே இருக்கும். போதாததற்கு, வெகு நாளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அநேகம் பேருக்கு ஆல்பா செல்களும் ஆபத்து வேளையில் சரியாகக் குரல் கொடுப்பதில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மதகுக்காரன் தூங்கிவிட்டான்! அவன் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யத்தான் வெளியிலிருந்து குளுக்ககானை அனுப்புகிறோம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அத்தனை பெரிய பாறை, சரிவிலே உருளாமல் நிற்கிறது! நம் சர்க்கரைக்கு அந்தச் சமர்த்து கிடையாது. கொஞ்சம் அசந்தால் உருண்டுவிடும்.

யாருக்கு உருளும்? இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு முதலில். அடுத்தபடியாக, கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு. இவை கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த அபாயம் அபூர்வம். வயதானவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அபாயம் அதிகம். விடியுமுன் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கடலுக்குப் படகு தள்ளுகிற மீனவர், மத்தியானச் சாப்பாட்டை மறந்து உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிடுகிற சிற்பி, திருப்போரூர் முருகனுக்குக் கந்த சஷ்டி விரதம் இருக்கிற அம்மாள், கோவளத்தில் ரமலான் நோன்பு நோற்கிற பெரியவர் - இவர்களெல்லாம் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொண்ட பிறகே அப்படிச் செய்ய வேண்டும்.

அழுக்கு என்று ஒதுக்கப்பட்டது

இந்த மருந்து வந்த கதை சுவாரசியமானது. 1922-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி, கனடா தேசத்து டொரான்டோ நகர ஆஸ்பத்திரியில், லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன் முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். பான்டிங், பெஸ்ட், மக்லியோட், காலிப் ஆகிய நால்வரின் பெயர்கள் அந்தக் கண்டுபிடிப்போடு சேர்ந்தவை. இவர்களில் காலிப் என்பவர் முயல்களுக்கு இன்சுலினைச் செலுத்திச் சோதித்தபோது சில முயல்கள் வலிப்புக் கண்டு விழுந்தன. சர்க்கரைக் கரைசலை ஊசியில் ஏற்றியதும் எழுந்துவிட்டன! ஆக, இன்சுலின் மனிதருக்குப் பயன்பட ஆரம்பித்த காலத்திலேயே அதன் மறு முகமும் தெரிந்துவிட்டது. காக்கிற கைதான் தள்ளியும் விடும்.

அடுத்த வருஷம், 1923-ல், அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் கிம்பால், மர்லின் என்ற இருவர், கணையத்திலிருந்து எடுத்த சாறில் இன்சுலினுக்கு நேர் எதிரான ஒன்று இருப்பதைக் கண்டார்கள். சர்க்கரையை இறக்குவதற்குப் பதில் அது ஏற்றியது. அதற்கு குளுக்ககான் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பெயர் வைத்ததோடு சரி. இன்சுலின் தயாரிப்பவர்களுக்கு அது சரக்கில் கலந்த அழுக்கு. நீக்க வேண்டிய தொல்லை. சுமார் முப்பது வருஷம் அதே கதிதான்.

1953-ல் எலி லில்லி கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் அந்த 'அழுக்கை'த் தனியே பிரித்து, பரிசுத்தமான படிகமாக எடுத்தார்கள். அது 29 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்பது 1957-ல் தெரிந்தது. 1960-ல் அமெரிக்காவில் மருந்தாகவே விற்பனைக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று வடிகட்டி எறிந்ததே கடைசியில் பிராணனைக் காக்கும் பொருளாயிற்று. இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் குளுக்ககானும் இருக்கிறது.

விழுங்க முடிந்தால்

மருந்து இருக்கட்டும், அதற்கு அவசியம் வராமல் தடுப்பதே புத்திசாலித்தனம். நம் கதைப் பெரியவளுக்கு வேர்த்துக் கொட்டியபோதே அந்த வாய்ப்பு இருந்தது.

திடீர் வேர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத கோபம், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் - இவை முன்னறிவிப்புகள். தூக்கத்தில் வந்தால் கெட்ட கனவும், வேர்வையில் நனைந்த தலையணையும், காலையில் தலைவலியுமாகத் தெரியும். வெகு காலமாக வியாதி உள்ள சிலருக்கு இந்த அறிவிப்பு எதுவுமே இல்லாமல் நேராக மூர்ச்சை வருவதும் உண்டு.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் தாழ்வு. 54-க்குக் கீழே என்றால் அபாயம். கருவி இல்லையா? பரவாயில்லை, சந்தேகத்துக்கே சர்க்கரை கொடுத்துவிடுங்கள். ஏறியிருக்கிற சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறினால் பிற்பாடு சரி செய்துகொள்ளலாம். இறங்கியிருக்கிற சர்க்கரைக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. மறந்தும் இன்சுலினைப் போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு கொடுப்பது? 15 கிராம். அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து. இல்லாவிட்டால் முக்கால் தம்ளர் பழச்சாறு. 15 நிமிஷம் பொறுத்து மறுபடி பாருங்கள். தேறவில்லை என்றால் இன்னொரு தரம் அதே அளவு. தேறியதும் சாப்பாடு போடுங்கள்.

"லட்டு கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். லட்டிலும் சாக்லெட்டிலும் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரையை இரத்தத்தில் சேரவிடாமல் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு அவை ஆகா. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இளநீர் கிடைக்கிறதே என்றால், அதில் சர்க்கரை குறைவு. அதை நம்பியிருக்க வேண்டாம். இன்னொரு முக்கியமான சமாசாரம்: வாக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது. அந்த மாத்திரைகள் சர்க்கரை உடைவதையே தடுப்பவை. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டு மாத்திரை அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

விழுங்க முடியாவிட்டால்

கூப்பிட்டால் பதில் இல்லை, அல்லது வலிப்பு, அல்லது விழுங்கத் தெரியாத மயக்கம் - இந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா வேண்டாம், சாவி வேண்டாம், பல்லுக்கு நடுவே கரண்டி வேண்டாம். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். 2008-லிருந்து நம் தமிழ்நாட்டில் ஓடுகிற அந்த இலவச ஆம்புலன்ஸுக்கு, "சர்க்கரை வியாதிக்காரர், மூர்ச்சையாகிவிட்டார்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

வீட்டில் குளுக்ககான் இருந்தால், இதுதான் அதற்கு வேளை. சாதாரணமாக அது ஒரு சிறு பெட்டியில் வரும். உள்ளே ஒரு சிறிய சீசாவில் வெள்ளைப் பொடி. ஊசிக் குழலில் தண்ணீர். தண்ணீரைச் சீசாவுக்குள் செலுத்தி, மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, கரைந்ததைத் திரும்ப ஊசிக்குள் இழுத்து, தொடையின் வெளிப்புறத்தில் போட வேண்டும். பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம். சிறு குழந்தைகளுக்கு அதில் பாதி. 10, 15 நிமிஷத்தில் கண் விழிப்பார்கள். விழிக்கிறபோது வாந்தி வருவது சகஜம். அதனால்தான் ஒருக்களித்தே வைத்திருக்கச் சொல்கிறோம். நன்றாகத் தெளிந்து விழுங்க முடிகிறபோது முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு சாப்பாடு. ஏரியில் எடுத்ததைத் திரும்ப நிரப்ப வேண்டாமா?

15 நிமிஷத்தில் விழிக்காவிட்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸை நேராக இரத்தக் குழாயிலேயே ஏற்றுவார்கள். விழித்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஏன் இறங்கியது என்று தெரியாமல் விட்டால் நாளைக்கும் இறங்கும்.

"தப்பாகப் போட்டுவிட்டால்?" என்ற பயம் இயற்கைதான். சில அபூர்வமான கட்டிகள் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, அவசரத்தில் ஒரு முறை போட்ட குளுக்ககானால் பெரிய கெடுதல் நேர்வதில்லை. குமட்டலும், கொஞ்ச நேரத்துக்கு ஏறிய சர்க்கரையும்தான் மிச்சம். போடாமல் நின்றால் வரக்கூடிய நஷ்டம் அதைவிடப் பெரிது.

பொடியைக் கரைக்கிற அவசரத்தில் கை நடுங்குகிறவர்களுக்காக, 2019-ல் அமெரிக்காவில் மூக்கில் பீச்சுகிற குளுக்ககானை அனுமதித்தார்கள். மயங்கிக் கிடப்பவர் அதை உறிஞ்சி இழுக்க வேண்டியதுகூட இல்லை. மூக்கின் உள் தோலே வாங்கிக்கொள்ளும். அதே வருஷம் கரைக்க வேண்டாத, தயாரான ஊசியும் அங்கே வந்தது. நம் பக்கத்திலோ ஊசிப் பெட்டியே எல்லா மருந்துக் கடையிலும் கிடைத்துவிடாது. டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி, பெரிய கடையில் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். சல்லிசான மருந்தும் அல்ல. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை உள்ள வீட்டிலும், ஒரு முறையாவது மூர்ச்சையாகி விழுந்தவர் உள்ள வீட்டிலும், ஆஸ்பத்திரி தூரமான இடத்திலும் அது இருப்பது நல்லதா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஏரி வற்றியிருந்தால்

ஏரியில் தண்ணீர் இருந்தால்தானே மதகைத் திறந்து பயன்? நாள் கணக்கில் பட்டினி கிடந்தவரின் கல்லீரலில் கிளைகோஜன் வற்றிப்போயிருக்கும். குளுக்ககான் போட்டாலும் சர்க்கரை ஏறாது. வெறும் வயிற்றில் மது அருந்தியவர் கதியும் அதுதான். புதுச் சர்க்கரையைக் கல்லீரல் தயாரிப்பதையும் மது தடுத்துவிடும். போதாக்குறைக்கு, கடற்கரை மணலில் ஒருவர் தள்ளாடி விழுந்தால் "குடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று நாலு பேர் ஒதுங்கிப் போய்விடுவார்கள். குடிக்காமலே தள்ளாடுகிற சர்க்கரை வியாதிக்காரரும் உண்டு. குடித்தவருக்கே சர்க்கரை இறங்கியிருப்பதும் உண்டு. சட்டைப் பையில் "எனக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிய ஒரு சீட்டு இருந்தால் அந்தத் தப்பெண்ணம் நேராது.

மாத்திரையால் இறங்கிய சர்க்கரை இன்னொரு தினுசு. அந்த மாத்திரைகளின் வேலை மணிக்கணக்கில் நீளும். சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சாயலாம். ஆகவே, தேறிவிட்டாரே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது கண்காணிப்பில் இருப்பதே உத்தமம். செங்கல்பட்டில் 1965-ல் ஆரம்பித்த அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் மாமல்லபுரத்திலிருந்து அங்கே சுமார் 30 கிலோமீட்டர். முதல் பத்து நிமிஷம் எப்போதும் வீட்டாருடையதுதான்.

சூணாம்பேட்டுக்கு வந்த வண்டி

"இதெல்லாம் பட்டணத்து வியாதி" என்று இன்னும் யாராவது சொன்னால், அவர்களுக்குச் சூணாம்பேட்டுக் கதையைச் சொல்லுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கே, செய்யூர்ப் பக்கத்தில் இருக்கிறது சூணாம்பேடு. 2006-ல், அது காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த நாளில், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் அங்கே ஒரு வண்டியைக் கொண்டுவந்தார்கள். வண்டி என்றால் சாதாரண வண்டி அல்ல. கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி முதலியவற்றோடு கூடிய நடமாடும் பரிசோதனைக் கூடம். கிராமத்தில் எடுத்த படம் செயற்கைக் கோள் வழியாகச் சென்னை டாக்டரிடம் போயிற்று. செயற்கைக் கோள் இணைப்பைத் தந்தது நம் இஸ்ரோ.

சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில் வயது வந்தவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரை, அதாவது நூற்றுக்கு 86 பேருக்கு மேல், பரிசோதித்துவிட்டார்கள்! மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. அங்கே வியாதி உள்ளவர்களுக்கு அது 9.3-லிருந்து ஒரே வருஷத்தில் 8.5-க்கு இறங்கியது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கிராமத்தில் வைத்தியம் முடியாது என்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இன்றைக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், 2021-லிருந்து, மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்லுகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாத்திரையும் இன்சுலினும் வீடு தேடி வந்துவிட்டால், இறங்குகிற சர்க்கரையும் அதே வீட்டுக்குள் வரக்கூடும் அல்லவா? சர்க்கரையை இறக்கும் மருந்து போய்ச் சேருகிற இடத்துக்கெல்லாம், இறக்கம் மிஞ்சினால் என்ன செய்வது என்கிற அறிவும் கூடவே போய்ச் சேர வேண்டும். மருந்து கொடுக்க வருகிற பெண்மணியை நிறுத்தி வைத்து, "எங்க வீட்டு மாத்திரையிலே சர்க்கரை ரொம்ப இறங்குமா அம்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை

சாப்பிட்டுக் கை கழுவியதும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசுங்கள். குளுக்கோஸ் பவுடர் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வீட்டில் ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிய வேண்டும். குளுக்ககான் வாங்கியிருந்தால், பெட்டியில் எழுதியிருக்கிறபடி வையுங்கள். குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தால் கதவுப் பக்கம் வைக்கலாம், ஐஸ் உறையும் அறையில் கூடாது. காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி கடந்துபோன பெட்டியை எறிந்துவிடாமல், திறந்து கலக்கிப் பழகிப் பாருங்கள். ஊசி குத்த ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றால், வகுப்பு ஆசிரியருக்கும் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர் வண்டி ஓட்டுகிறவரானால், கிளம்புமுன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளட்டும். பையில் குளுக்கோஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர் காரணமில்லாமல் என்றைக்காவது உங்கள் மேல் எரிந்து விழுந்தால், கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். அருகே போய் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வேர்த்திருந்தால், பதில் வார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து அவரே, "என்னம்மா, நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்பார். "ஒண்ணும் சொல்லலே, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு இலையைப் போடுங்கள்.